வாசல் கறையும் ஆசிட் பாட்டிலும்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஊரிகத்தில் வெள்ளையடிப்பு ஆரம்பமாகிவிடுகிறது. சுவர் வெளுத்ததும் வீட்டுக்காரரின் கண் கீழே இறங்குகிறது. கேட்டிலிருந்து படி வரை போட்ட கான்க்ரீட் தளம். நடுவில், மோட்டார் சைக்கிள் வழக்கமாக நிற்கும் இடத்தில், தோசைக்கல் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். கேட் ஓரத்தில் துருவின் பழுப்புக் கோடு. படியோரம் வெற்றிலைச் சாறு தெறித்த புள்ளிகள். சோப்புத் தூள் போட்டு இரண்டு முறை தேய்த்தாயிற்று. போகவில்லை.

"ஆசிட் ஊத்துங்கண்ணே, பளிச்சுனு ஆயிடும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். கழிப்பறை கழுவ வாங்கி வைத்த பாட்டில் வாசலுக்கு வருகிறது. ஊற்றியவுடன் தரை நுரைக்கிறது, புகைகிறது. கறை வெந்துகொண்டிருப்பதாகப் பார்ப்பவர்களுக்குத் திருப்தி. கழுவிவிட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெளிறி, மணல் மணலாக, கையில் உரசும் அளவுக்குச் சொரசொரப்பாகியிருக்கும். எண்ணெய்க் கறை அதன் நடுவே அப்படியே இருக்கும். நுரைத்தது கறை அல்ல, சிமெண்ட்.

ஆசிட்டுக்கு எண்ணெயைக் கரைக்கத் தெரியாது. சுண்ணாம்பைக் கரைக்கத் தெரியும். கான்க்ரீட்டின் உயிரே சுண்ணாம்பில்தான் இருக்கிறது. சிமெண்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் சுண்ணாம்பு உள்ளே உண்டாகிறது. கான்க்ரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் இதனால் கடும் காரத்தன்மையோடு இருக்கும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பதும் இந்தக் காரம்தான். கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் முதலில் தின்பது அதைத்தான். தின்ற பிறகு மிஞ்சும் குளோரைடு உப்பு துளைகள் வழியே இறங்கினால் கம்பிக்கும் கேடு. ஆசிட்டின் ஆவி பட்ட கேட்டும் சைக்கிளும் சில நாளில் துருப்பிடிக்கும். துருக்கறையைப் போக்கப் போய் புதுத் துரு வந்து சேரும்.

கோலார் தங்கவயலில் இந்தப் பாடம் புதிதல்ல. கிளாஸ்கோ நகரில் 1887-ல் கண்டுபிடிக்கப்பட்ட சயனைடு முறை, சில ஆண்டுகளிலேயே இங்குள்ள ஆலைகளுக்கும் வந்தது. பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைடு கரைசலில் ஊற வைத்தால் கண்ணுக்குத் தெரியாத தங்கமும் கரைந்து வெளியே வரும். அந்தக் கரைசலில் எப்போதும் சுண்ணாம்பு சேர்ந்திருக்க வேண்டும். காரம் குறைந்து அமிலம் ஏறினால் சயனைடு விஷ வாயுவாகக் கிளம்பிவிடும். கல்லுக்குள் இருப்பதை வெளியே இழுக்க அதற்கென்று ஒரு சரக்கு வேண்டும், அது வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டும், ஆசிட்டைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது. இந்த மூன்றும் தங்கத்துக்குப் பொருந்தியது போலவே வாசல் கறைக்கும் பொருந்தும்.

எந்தக் கறை?

கான்க்ரீட் பார்க்கத்தான் கல். உள்ளுக்குள் அது ஸ்பாஞ்ச். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே எண்ணெயும் தண்ணீரும் உள்ளே இறங்குகின்றன. மேலே எவ்வளவு தேய்த்தாலும் கால் அங்குலம் கீழே இறங்கியதைத் துடைப்பம் தொடாது. எனவே முதல் வேலை தேய்ப்பதல்ல, கறை எது என்று தெரிந்துகொள்வது.

அதற்குச் சோதனைச்சாலை வேண்டாம். கறையின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் எண்ணெய் அல்லது கிரீஸ். கேட், பூந்தொட்டி ஸ்டாண்டு, கம்பிக் கட்டு ஆகியவற்றின் கீழே ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ இருந்தால் துரு. நிழல் விழும் மூலையில், குழாயடியில் கறுப்பும் பச்சையுமாக வழுக்கினால் பாசி. மாவு தூவியது போல வெள்ளையாகப் பூத்து, ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பி வந்தால் உப்பு. வெற்றிலை, தேநீர், பழுத்த இலை, சாணம் ஆகியவை விட்டுச் செல்லும் பழுப்பு, தாவரச் சாயம்.

எந்த மருந்தானாலும் முதலில் கேட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் காய்ந்த பிறகு நிறம் மாறாமல் இருந்தால் மட்டும் நடு வாசலுக்கு வரலாம்.

எண்ணெய்க்குப் பற்று

எண்ணெய் சிந்திய உடனே தண்ணீர் ஊற்றுவதுதான் பொதுவான தவறு. தண்ணீர் எண்ணெயைப் பரப்பும். ஒரு ரூபாய் அளவு இருந்தது ஒரு தட்டு அளவாகும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு உலர்ந்த சிமெண்டையோ மரத்தூளையோ அடுப்புச் சாம்பலையோ அரை அங்குல உயரத்துக்குக் கொட்டி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் கூட்டி எடுத்தால் எண்ணெயில் பெரும்பகுதி அதோடு போயிருக்கும். மிச்சத்துக்குச் சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு நார் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலையில் அரப்பும் சீயக்காயும் செய்கிற வேலையைத்தான் சாம்பலும் சோடாவும் தரையில் செய்கின்றன.

வருடக்கணக்கில் சொட்டிய கறைக்கு இது போதாது. சுளுக்குக்குப் பற்றுப் போடுவது போல இதற்கும் பற்றுப் போட வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் முல்தானி மட்டியோ, வாசனையில்லாத டால்கம் பவுடரோ எடுத்து, பெயிண்ட் கடையில் விற்கும் டர்ப்பன்டைன் விட்டு வடை மாவுப் பதத்தில் பிசைய வேண்டும். கறையின் மேலும் அதைச் சுற்றி இரண்டு அங்குலம் வரையிலும் அரை அங்குலக் கனத்துக்கு அப்ப வேண்டும். மேலே பாலிதீன் தாளைப் போட்டு, ஓரங்களில் கல் வைத்து ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் தாளை எடுத்துவிட்டால் பற்று காற்றில் காயத் தொடங்கும்.

நுட்பம் இந்தக் காய்தலில் இருக்கிறது. மூடியிருந்தபோது டர்ப்பன்டைன் உள்ளே இறங்கி எண்ணெயைக் கரைத்தது. இப்போது மேலே ஆவியாகும்போது கரைந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு மண்ணுக்குள் ஏறுகிறது. முழுவதும் காய்ந்த பிறகு மரச் சட்டத்தாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டி எடுத்தால், பற்று பழுப்பாகவும் தரை சற்று வெளுத்தும் இருக்கும். பழைய கறைக்கு இரண்டு மூன்று பற்று தேவைப்படலாம். முதல் பற்றிலேயே முழுக்கப் போகவில்லை என்று ஆசிட் பக்கம் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

டர்ப்பன்டைன் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, சிகரெட், விறகடுப்பு ஆகாது. அதற்குப் பதிலாக பெட்ரோல் ஊற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. சுரண்டிய பற்றை வீட்டுக்குள் குப்பைக் கூடையில் போடாமல், வெளியே திறந்த இடத்தில் முழுக்க ஆறவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

துருவுக்குப் புளிப்பு

பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்குகிற வீடுகளுக்குத் துருக்கறையின் மருந்து ஏற்கனவே தெரியும். புளிப்புப் பொருள்களில் இருக்கும் சில அமிலங்கள் இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரைக்கக் கூடியவை. இளம் கறைக்கு எலுமிச்சைச் சாறே போதும். பெரிய பரப்புக்கு சிட்ரிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். இதுவும் அமிலம்தான், சிமெண்டை மெல்ல அரிக்கும். எனவே பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் கழுவிவிட வேண்டும்.

ஆழமாகப் பதிந்த துருவுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் இருக்கிறது. மொசைக் தரைக்குப் பாலீஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் வெள்ளைத் தூள் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கரைத்துக் கறையில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போல இது தரையை அரித்துத் தள்ளுவதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்தால் கரையாத ஓர் உப்பாக மாறி மேலே படிந்துவிடும். ஆனால் மனித உடம்புக்கு இது விஷம். உள்ளே போனால் சிறுநீரகம் பழுதாகும். பார்ப்பதற்குச் சர்க்கரை போல இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைப்பது விபத்தை அழைப்பதாகும். தேவையான அளவு மட்டும் வாங்கி, மிச்சமிருந்தால் பெயர் எழுதிய டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

துருவின் மேல் பிளீச்சிங் பவுடர் போடுவதால் பலனில்லை. இரும்பை மேலும் துருப்பிடிக்க வைக்கத்தான் அது உதவும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகள் துளைகளில் தங்கி, முதல் மழையில் தாமே துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கிளம்பும்.

மஞ்சள் சிவக்கும் காரணம்

விசேஷ வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் கொட்டினால் சிமெண்ட் தரையில் அது செங்கல் நிறமாக மாறுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். மஞ்சளின் சாயம் காரத்தைத் தொட்டால் சிவக்கும். தரைக்குள் இருக்கும் சுண்ணாம்புதான் அந்தக் காரம். பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள் சாயத்துக்கு வெயில் ஆகாது. சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு நாலு நாள் நல்ல வெயிலில் விட்டால் தானே மங்கிவிடும்.

வெற்றிலைக் கறையின் கதையும் இதற்கு உறவு. பாக்கின் துவர்ப்புச் சாயம் சுண்ணாம்போடு சேர்ந்துதான் வாயில் சிவக்கிறது. காரம் நிறைந்த சிமெண்டில் விழுந்ததும் அது இன்னும் கறுத்துப் பிடித்துக்கொள்கிறது. சோடா போட்டுத் தேய்த்தால் நிறம் இன்னும் ஆழமாகும். இதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் பழந்துணியை நனைத்துக் கறையின் மேல் போட்டு, காயக் காய நனைத்துக்கொண்டே இருப்பது சரியான வழி. பழுத்த இலை, சாணம், தேநீர் விட்டுச் சென்ற பழுப்புக்கும் இதே வைத்தியம் பலிக்கும்.

பாசிக்கு, நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். ஆனால் அந்த மூலைக்கு வெயிலோ காற்றோ வராதவரை, அல்லது ஒழுகும் குழாய் சரியாகாதவரை, அடுத்த மழைக்குப் பாசி திரும்பி வரும். வெள்ளையாகப் பூக்கும் உப்புக்கு மருந்தே பெரும்பாலும் தேவையில்லை. தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காற்றில்லாத வேளையில் மெல்லக் கூட்டி எடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் வைத்தியம்.

தூசியை மறக்கக் கூடாது

கறை போகாத எரிச்சலில் சிலர் கிரைண்டர் மிஷின் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவார்கள். மேல் தோலைச் சீவி எடுத்துவிட்டால் கறையும் போய்விடும் என்பது கணக்கு. மிஷின் ஓடும்போது வாசல் முழுக்க வெள்ளைப் புகை. ஓட்டுகிறவர் வாயில் ஒரு கைக்குட்டை.

அந்தப் புகையைப் பற்றித் தங்கவயலுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கான்க்ரீட்டில் இருக்கும் மணலும் ஜல்லியும் குவார்ட்ஸ் கலந்தவை. அது சிலிகா. தங்கம் ஓடிய பாறையும் குவார்ட்ஸ்தான். பாறையைத் துளைக்கும்போது பறந்த தூசியில், கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் அடி அறைகள் வரை போய்த் தங்கின. அங்கே தழும்பேறி, மூச்சு குறுகியது. அதற்குப் பெயர் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1947-ல், கோலார் தங்கச் சுரங்கங்களில் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. தழும்பை ஆற்றும் மருந்து இன்றும் இல்லை. தூசி அடங்க, பாறையைத் துளைக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளைப்பதுதான் சுரங்கத் தொழில் உலகெங்கும் கண்ட வழி.

ஒரு வீட்டு வாசலில் ஒரு நாள் பறக்கும் தூசியால் வீட்டுக்காரருக்கு அந்த நோய் வந்துவிடாது. ஆனால் மிஷின் பிடிக்கிறவர் நாளைக்கு இன்னொரு வாசலுக்குப் போகிறார், நாளை மறுநாள் வேறொன்றுக்கு. அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃபிலோ நந்திதுர்க்கத்திலோ பூமிக்கு அடியில் வாங்கியதை, அவர் வெட்ட வெளியில் நின்று வாங்க நேரலாம். சீவித்தான் ஆக வேண்டும் என்றால் தரையை நனைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே சீவச் சொல்ல வேண்டும். கைக்குட்டை போதாது. நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசத்தை வேலை கொடுப்பவர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். சீவிய பிறகு கிடைக்கும் தரை பழைய தரையாகவும் இருக்காது. வழவழப்பான மேல் பகுதி போய், துளைகள் திறந்து, அடுத்த எண்ணெய்ச் சொட்டை இன்னும் வேகமாக உறிஞ்சும்.

ஊரிகத்து வாசல்களுக்கு இன்னொரு தூசியும் உண்டு. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது முதல் 2001-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை அரைத்துக் கொட்டிய பாறை மாவு, ஊரைச் சுற்றி 13 குன்றுகளாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல். பலத்த காற்று வீசும் மாதங்களில் அதன் மாவு வீடுகளுக்கு வந்து சேர்கிறது. சிமெண்ட் தரையில் சாம்பல் படலமாகப் படிகிறது. இது கறையே அல்ல, தூசிதான். உலர்ந்த துடைப்பத்தால் விசிறிக் கூட்டினால் தரையிலிருந்து மூக்குக்கு இடம் மாறும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்ட வேண்டும். விடியற்காலையில் வாசல் தெளிக்கும் பழைய பழக்கத்தில் இந்த ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் நியாயம் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுக்கப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியை நம்பிய காலம் உண்டு. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை வைத்த அனுபவம் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. இந்த ஊரில் ஹோஸ் பைப்பைப் பிடித்து ஒரு மணி நேரம் வாசல் கழுவுவது கறையைவிடக் கண்ணை உறுத்தும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் வாஷர் மிஷின்கள் இப்போது வாடகைக்கும் கிடைக்கின்றன. பாசிக்கும் மண்ணுக்கும் அவை நல்லவைதான். எண்ணெய்க்கு அல்ல. குழாய் முனையைத் தரைக்கு மிக அருகில் பிடித்தால் சிமெண்டின் மேல் தோலே பெயர்ந்து கோடு கோடாக விழும்.

பற்றுப் போடும் முறைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். அதனாலும் இந்த ஊருக்கு அது பொருத்தம். ஆனால் ஒரு விஷயத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கூடாது. எலுமிச்சையோ ஆக்ஸாலிக்கோ எந்த அமிலம் போடுவதானாலும், முதலில் தரையை நன்றாக நனைத்துவிட வேண்டும். துளைகளில் தண்ணீர் ஏற்கனவே நிறைந்திருந்தால் அமிலம் மேலேயே நிற்கும், ஆழம் போகாது. கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் திருப்பிவிடக் கூடாது.

சேர்க்கக் கூடாத ஜோடி

வாசலில் நடக்கும் விபத்துகளில் மோசமானது தரைக்கு நடப்பதல்ல. பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்துப் பலனில்லை என்று, கழுவாமலே அதன் மேல் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும். குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகம்தான் அதற்கு முதல் இலக்கு.

அப்படிக் குனிந்து தேய்ப்பது பெரும்பாலும் பாட்டிலை வாங்கியவர் அல்ல. வீட்டு வேலைக்கு வரும் பெண். கையில் உறை இல்லை, காலில் செருப்பு இல்லை. "கொஞ்சம் ஊத்தித் தேய்ச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவதற்கு முன், ரப்பர் கையுறை ஒரு ஜோடியும் ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் வாங்கி வைப்பது வீட்டுக்காரரின் கடமை. ஒரு நாளில் ஒரு மருந்து மட்டும் என்று வைத்துக்கொண்டால் கலப்புக்கே இடமிருக்காது. ஒன்று பலிக்கவில்லை என்றால் முழுக்கக் கழுவி, காயவிட்டு, மறுநாள் அடுத்ததைப் பார்க்கலாம். தவறிக் கலந்துவிட்டால் அருகில் நின்று தண்ணீர் ஊற்றிச் சரி செய்ய முயலாமல், எல்லோரும் காற்று வரும் பக்கமாக விலகிவிட வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வரும் முன்

கறை பிடிக்கும் தரையும் பிடிக்காத தரையும் போடும்போதே பிரிந்துவிடுகின்றன. கலவையில் தண்ணீர் அதிகமாக விட்டால் கொத்தனாருக்கு இழுக்கச் சுலபம், வீட்டுக்காரருக்குப் பின்னால் சிரமம். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் துளை. அடுத்தது நீராற்றுதல். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இன்று கடைகளில் பெரும்பாலும் விற்பது இரண்டாவது வகை. தண்ணீர்ப் பஞ்சத்தில் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவது பலர் செய்வது. நனைத்த சாக்கை விரித்து மேலே பாலிதீன் போட்டு மூடினால் பாதித் தண்ணீரில் பத்து நாளையும் ஓட்டிவிடலாம்.

போட்டு முடித்த தரைக்கு, ஒரு மாதம் நன்றாகக் காய்ந்த பிறகு, சிலேன் அல்லது சிலாக்சேன் வகைப் பூச்சு கொடுத்தால் துளைகளின் உட்சுவர் தண்ணீரை ஒட்டவிடாது. எண்ணெய் இறங்குவதும் மெதுவாகும். சில வருடங்களுக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். செலவில்லாத வழியும் இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பழைய தகர டிரேயில் மணல் நிரப்பி வைப்பது. அதைவிட நல்லது, வண்டியின் எண்ணெய் ஒழுக்கை மெக்கானிக்கிடம் காட்டுவது. தொட்டி ஸ்டாண்டுக்கும் கேட்டின் அடிப்பகுதிக்கும் வருடம் ஒரு முறை பெயிண்ட் அடித்தால் துருக்கோடும் வராது.

ஆசிட் ஏற்கனவே ஊற்றியாகிவிட்ட தரைக்கு என்ன செய்வது? மேலே சிமெண்ட் பால் பூசி மறைப்பதுதான் பலரும் செய்வது. சக்கரம் ஏறி இறங்கினால் சில மாதங்களில் அது செதில் செதிலாக உரிந்துவிடும். அந்தச் சதுரத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதிதாகப் போடுவது நிலைக்கும். அல்லது அப்படியே விட்டுவிடலாம். சில வருட வெயிலும் மழையும் பக்கத்துத் தரையோடு நிறத்தைக் கொஞ்சம் சமன் செய்துவிடும்.

மூன்று பற்றுப் போட்ட பிறகும் மங்கலாக ஒரு நிழல் மிஞ்சுவது உண்டு. உள்ளே வெகு ஆழத்தில் இறங்கியது அது. அதை எடுக்க வேண்டுமென்றால் தரையைத்தான் எடுக்க வேண்டும். விடியற்காலை மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலைப் பிடிக்க ஊரிகம் ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பி, அதே இடத்தில் நிறுத்துகிறவரின் வாசலில் அந்த நிழல் இருந்தால் குறை ஒன்றுமில்லை. அதன் மேல் பொங்கலன்று ஒரு கோலம் போட்டால் மறைந்துவிடும்.